ஔலியில் குடும்பத்தோடு பனிச்சறுக்கு: தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் நாள் காலை என் மகள் எத்தனை தடவை விழுகிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினெட்டோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். இரண்டாம் நாளும் விழுந்தாள், ஆனால் யார் கையையும் பிடிக்காமல் தானே எழுந்துகொண்டாள். மூன்றாம் நாள் பதினோரு மணிவாக்கில் சரிவின் மேலிருந்து தனியாக இறங்கி வந்து, எனக்கு இரண்டடி முன்னால் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே "அப்பா, பாத்தியா?" என்றாள்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த மூன்று காலைகளை வைத்துத்தான். ஔலிக்குப் போகிற பெரும்பாலான குடும்பங்கள் ஒரு நாள் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஸ்கீ என்கிற சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டி, நாலு போட்டோ எடுத்து, ஒரு மணி நேரத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டு, "பனிச்சறுக்கு நமக்கு வராது" என்று திரும்புகிறார்கள். வரும். மூன்று காலைகள் கொடுத்தால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் வரும், நாற்பது வயதுக்காரருக்கும் வரும். பயணத்தில் மற்ற எல்லாவற்றையும் அந்த மூன்று காலைகளைச் சுற்றி அடுக்குங்கள்.

ஏன் ஔலி?

உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், ஜோஷிமட் ஊருக்கு மேலே இருக்கிற மலைச்சரிவுதான் ஔலி. உயரம் சுமார் 2,500 மீட்டரில் தொடங்கி 3,050 மீட்டர் வரை. கடைத்தெரு கிடையாது, பெரிய ஹோட்டல் வரிசை கிடையாது. ஒரு சறுக்குச் சரிவு, சில தங்குமிடங்கள், சுற்றிலும் தேவதாரும் ஓக்கும், எதிரே 7,816 மீட்டர் உயர நந்தாதேவி. அவ்வளவுதான்.

குடும்பத்துக்கு இந்தச் சின்ன அளவே நல்லது. காஷ்மீரின் குல்மார்க்கில் மேல் சரிவுகள் தேர்ந்தவர்களுக்கானவை. இமாச்சலத்தின் சோலாங்கில் கூட்டம் அதிகம். ஔலியில் பிள்ளைகள் எந்த மூலையில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவார்கள். சின்ன இடம் என்பதால் தரம் குறைந்தது என்றும் நினைக்க வேண்டாம். 2011-இல் முதல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளின் பனிச்சறுக்குப் போட்டிகள் இங்கேதான் நடந்தன. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மலையேற்ற, பனிச்சறுக்குப் பயிற்சி நிறுவனமும் இங்கேதான் இருக்கிறது.

முதல் வேலை: தேதி

பனி பொதுவாக ஜனவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. இங்கே பனியைக் கொண்டுவருவது மேற்கத்தியக் கலக்கம் என்கிற வானிலை அமைப்பு. நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ அப்படித்தான் அவர்களுக்கு அது. சில வருடம் கொட்டும், சில வருடம் காயவைக்கும். பனி போதாமல் தேசியப் போட்டியே ரத்தான வருடம் உண்டு.

பொங்கல் விடுமுறையில் போகலாமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். ஜனவரி நடுவில் பனி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். குடியரசு தினத்தை ஒட்டிய நாட்களில் தில்லி, டேராடூன் கூட்டம் மொத்தமும் மேலே வந்துவிடும், அறை வாடகையும் ஏறும். பிப்ரவரி முதல் இரண்டு வாரங்கள்தான் என் தேர்வு. அதற்குள் இரண்டு மூன்று முறையாவது பனி விழுந்து கெட்டிப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம், பகல் வெயிலும் பிள்ளைகள் தாங்கும் அளவுக்கு இருக்கும். பள்ளியில் ஒரு வாரம் லீவு கேட்க வேண்டியிருக்கும். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

ரயில் டிக்கெட்டை முன்பதிவு திறந்ததும் எடுத்துவிடுங்கள். அறைக்கு மட்டும் முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் தங்குமிடத்துக்கு நேரடியாகப் போன் போட்டு, "இன்றைக்குச் சரிவில் பனி எவ்வளவு?" என்று கேளுங்கள். அன்று எடுத்த வீடியோ ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், அனுப்புவார்கள். இணையத்தில் சுற்றும் படங்களை நம்ப வேண்டாம். அவை எந்த வருடத்துப் படங்களோ.

ரோப்வே விஷயம்

பழைய பயணக் கட்டுரைகள் எல்லாமே ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்கு ரோப்வேயில் போகச் சொல்லும். சுமார் 4 கிலோமீட்டர் நீளம், பெயர்பெற்ற ரோப்வே. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் இறங்கி வீடுகளும் சாலைகளும் விரிசல் விட்டபோது அதை நிறுத்திவிட்டார்கள். அது ஓடும் என்று வைத்துத் திட்டம் போடாதீர்கள். எங்களுக்கு "ரோப்வே டிக்கெட் உட்பட" என்று பேக்கேஜ் விற்க வந்த ஏஜென்டிடம், அது நின்றுபோனது தெரியுமா என்று கேட்டதும் பேச்சை மாற்றினார். அப்படிப்பட்டவர்களிடம் பணம் கட்ட வேண்டாம். ஜோஷிமட்டிலிருந்து சாலை வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர், ஜீப் கிடைக்கும்.

ஜோஷிமட்டில் நிலம் இறங்கியதில் பலர் வீட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. மிச்சம் இருக்கிறவர்களின் குளிர்காலப் பிழைப்பில் பெரும்பங்கு ஔலிக்கு வருகிறவர்களை நம்பித்தான். ஜீப், அறை, ஸ்கீ, வாத்தியார் எல்லாவற்றையும் தில்லியில் இருந்தபடி ஒரே ஆளிடம் ஒப்படைக்காமல், அங்கேயே உள்ளூர்க்காரர்களிடம் பேசி எடுங்கள். உங்களுக்கும் செலவு குறையும்.

நாட்களை அடுக்குவது

சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் தில்லிக்கு இரண்டு இரவும் ஒரு பகலும். அங்கிருந்து ஹரித்வாருக்கு ரயில் அல்லது பஸ், அப்புறம் ரிஷிகேஷ். விமானம் என்றால் தில்லி வழியாக டேராடூன். அந்த விமான நிலையம் ரிஷிகேஷிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். போகும்போது விமானம், வரும்போது ரயில் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் களைக்காமல் மலைக்கு வந்து சேர்ந்தார்கள்.

ரிஷிகேஷில் ஒரு இரவு கட்டாயம். அங்கிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர், ஒன்பது பத்து மணி நேரம் ஆகும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியும். மலைப்பாதையில் இரவில் ஓட்ட வேண்டாம் என்று டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாமதமானால் ருத்ரபிரயாகையிலோ பீபல்கோட்டியிலோ தங்கிக்கொள்ளலாம். வளைவுகள் ஓயாது. வாந்தி வரும் பிள்ளைகளுக்குக் காலையில் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். பொரி, பிஸ்கட், கொஞ்சம் எலுமிச்சை ஜூஸ் போதும். தலை சுற்றுகிற பிள்ளையை நடு வரிசையில் உட்கார வைத்து, வெளியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த இரவு ஜோஷிமட்டில். இது வீண் இரவு இல்லை. 1,900 மீட்டர் அளவிலுள்ள ஊரில் ஒரு இரவு தூங்கி எழுந்தால், மறுநாள் 2,500 மீட்டருக்கு மேல் போகும்போது உடம்பு பழகியிருக்கும். அதற்குப் பிறகு ஔலியில் நான்கு இரவு: மூன்று காலைகள் சறுக்க, ஒரு நாள் வானிலைக்காக உபரி. இறங்கும் வழியில் ரிஷிகேஷில் இன்னொரு இரவு. வீட்டிலிருந்து வீடு வர மொத்தம் பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த உபரி நாளை மட்டும் யார் சொன்னாலும் வெட்டாதீர்கள். எங்களுக்கு நடுவில் ஒரு நாள் முழுக்கப் பனி கொட்டி வெளியே போகவே முடியவில்லை.

இந்தப் பாதையில் நமக்கென்று ஒன்று இருக்கிறது. அலக்நந்தாவும் பாகீரதியும் கலந்து கங்கை என்று பெயர் பெறுகிற தேவப்பிரயாகைதான் வைணவர்களின் 108 திவ்ய தேசங்களில் வருகிற கண்டமென்னும் கடிநகர். ஜோஷிமட்தான் திருப்பிரிதி. என் அம்மா பனிச்சறுக்கு என்றதும் வரமாட்டேன் என்றவர், திருப்பிரிதி என்றதும் பெட்டியைக் கட்டிவிட்டார். பத்ரிநாத் கோயில் குளிர்காலத்தில் மூடியிருக்கும். ஆனால் ஜோஷிமட் நரசிம்மர் கோயில் திறந்திருக்கும், பத்ரிநாதருக்கான குளிர்கால வழிபாடும் இங்கேதான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஜோஷிமட் இரவை இதற்காகவே வையுங்கள்.

தங்குவது

அரசின் கர்வால் மண்டல் விகாஸ் நிகம் ஔலியில் விருந்தினர் இல்லம் நடத்துகிறது. குடும்ப அறைகளும் உண்டு, பொதுப் படுக்கைக் கூடமும் உண்டு. சரிவுக்கு அருகிலேயே இருப்பதால் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு வசதி. ஜோஷிமட்டில் தங்கினால் அறை மலிவுதான், ஆனால் தினமும் காலையும் மாலையும் ஜீப் பிடிக்க வேண்டும். சாலையில் பனி உறைந்துவிட்டால் அன்றைய காலை போயே போய்விடும். மிச்சப்படுத்தும் பணம் அதற்கு ஈடாகாது.

அறை பேசும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். ஹீட்டர் உண்டா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் அது ஓடுமா? குழாய் உறைந்தால் வெந்நீர் வாளியில் கொடுப்பார்களா? கூடுதல் கம்பளி கிடைக்குமா? டிவி, பால்கனியெல்லாம் கேட்க வேண்டியதே இல்லை.

சாப்பாடு பராத்தா, ராஜ்மா சாதம், பருப்பு, மேகி. சூடாக இருக்கும்வரை எல்லாமே ருசிதான். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், இட்லிப்பொடி, ஊறுகாய் எடுத்துப்போங்கள். மூன்றாம் நாள் இரவு வெறும் சாதத்தில் புளிக்காய்ச்சலைப் பிசைந்து கொடுத்தபோது என் மகன் முகத்தில் வந்த தெளிச்சி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உடுப்பு

இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள், அதிகம் செலவும் செய்கிறார்கள்.

முதல் விதி, உடம்பை ஒட்டிப் பருத்தி கூடாது. நமக்குப் பருத்தி பனியன் இல்லாமல் பழக்கமில்லை. ஆனால் பனியில் விழுந்து எழும்போது வேர்க்கும், அந்த வேர்வையைப் பருத்தி குடித்து வைத்துக்கொள்ளும். நின்றதும் அது குளிர்ந்து உடம்பை நடுக்கும். ஜீன்ஸும் அதே கதை: பனியில் நனைந்து விறைத்துவிடும்.

மூன்று அடுக்காகப் போடுங்கள். உள்ளே தெர்மல், மேலும் கீழும், கம்பளியோ செயற்கை இழையோ. நடுவில் ஃப்ளீஸ் அல்லது பாட்டி பின்னிய கம்பளி ஸ்வெட்டர், இரண்டும் ஒன்றுதான். வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட், பேன்ட். இந்த வெளி அடுக்கை வாங்க வேண்டாம். ஜோஷிமட்டிலும் ஔலியிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. நம் ஊர் வெயிலில் அடுத்த பத்து வருடம் பீரோவில் தூங்குகிற பொருளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் சிலவற்றைச் சொந்தமாகக் கொண்டுபோக வேண்டும். நீர் புகாத கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி. ஒன்று நனையும்போது மற்றது காயும். முழங்கால் வரை வரும் கம்பளிக் காலுறை மூன்று ஜோடி. காதை மூடும் குல்லா, கழுத்துக்குச் சுற்றுப்பட்டை. புறஊதாக் கதிர் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி எல்லோருக்கும், பிள்ளைகளுக்கும். சென்னை, கோவையில் உள்ள டெகாத்லான் விளையாட்டுப் பொருள் கடைகளிலோ அவர்கள் இணையதளத்திலோ இவை கிடைக்கும். பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு ஹெல்மெட்டையும் நான் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன். வாடகைக் கடையில் பிள்ளை அளவுக்கு எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒன்று முக்கியம்: பூட்ஸுக்குள் ஒரே ஒரு காலுறை. குளிருமே என்று இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் இறுகி, கால் இன்னும் குளிரும், மடிப்பு விழுந்து கொப்புளமும் வரும்.

ஸ்கீ எடுக்கும்போது

வாடகைக் கடையில் அவசரப்படாதீர்கள். முதல் நாள் மாலையே போய் அளவு பார்த்து எடுத்து வைத்துவிட்டால் காலை மிச்சமாகும்.

பூட்ஸ்தான் உயிர். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல் கொஞ்சம் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலே தூக்கக் கூடாது. கெண்டைக்காலில் இறுக்கமாகவும் விரல்களுக்குச் சற்று இடமாகவும் இருந்தால் சரி. "வளர்கிற பிள்ளைதானே, ஒரு அளவு பெரிதாகக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். பெரிய பூட்ஸில் கால் உள்ளே திரும்பும், ஸ்கீ திரும்பாது.

புதிதாகக் கற்கிறவருக்கு ஸ்கீயை நிறுத்திப் பிடித்தால் நெஞ்சுக்கும் மோவாய்க்கும் இடையில் வர வேண்டும். அதற்கு மேல் நீளம் வேண்டாம். பூட்ஸையும் ஸ்கீயையும் இணைக்கிற பைண்டிங், விழும்போது தானே கழன்றுகொள்ள வேண்டும். அதை எடைக்கும் திறமைக்கும் ஏற்றபடி திருகி வைப்பார்கள். எடையைக் கூச்சப்படாமல் சரியாகச் சொல்லுங்கள். கடைக்காரர் எடையைக் கேட்காமலே மாட்டிக் கொடுத்தால் நீங்களே சொல்லித் திருகச் சொல்லுங்கள். கழலாத பைண்டிங்தான் முழங்காலை முறுக்கும்.

வாத்தியாரும் மூன்று காலைகளும்

நிகம் ஏழு நாள், பதினான்கு நாள் பயிற்சி முகாம்கள் நடத்துகிறது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது அருமை. சின்னப் பிள்ளைகளோடு போகிற குடும்பத்துக்கு, உள்ளூர் பயிற்சியாளர் ஒருவரை மூன்று நாளுக்குச் சேர்த்துப் பேசுவதுதான் சரி. ஒரே ஆள் மூன்று நாளும் வரட்டும். பிள்ளையின் பயம் எங்கே இருக்கிறது என்று முதல் நாளில் கண்டுகொண்டவர்தான் இரண்டாம் நாள் அதைத் தீர்க்க முடியும். மொழி ஹிந்தி. பிள்ளைக்கு நான்கு சொல் தெரிந்தால் போதும்: ருக்கோ, தீரே, கிஸ்கோ, குட்னா மோடோ. அதாவது நில், மெல்ல, நகரு, முழங்காலை மடக்கு.

முதல் காலை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பூட்ஸோடு நடப்பது, ஸ்கீயை மாட்டிச் சமதளத்தில் நகர்வது, விழுவது, எழுவது. விழுவதைக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்: பக்கவாட்டில், இடுப்பு மேல்பக்கச் சரிவைத் தொடுகிற மாதிரி விழ வேண்டும். பின்னால் மல்லாந்தால் ஸ்கீ இன்னும் வேகமாகப் போகும். எழும்போது ஸ்கீ இரண்டும் சரிவுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். கீழ்நோக்கி இருந்தால் எழுந்த கையோடு வழுக்கும். எட்டு வயதுக்குக் கீழ் கைக்கோல் கொடுக்காமல் பழக்குவது நல்லது.

இரண்டாம் காலை, நிறுத்துவது. ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்னால் விரித்து, தலைகீழ் வி மாதிரி வைத்தால் வேகம் குறையும். பிள்ளைகளிடம் "பீட்சா துண்டு மாதிரி வை" என்றால் உடனே புரியும். பெரியவர்கள்தான் இதில் திணறுகிறார்கள். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்பார்கள். முழங்கால் மடங்கி, கணுக்கால் பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்தினால்தான் ஸ்கீ பேச்சைக் கேட்கும்.

மூன்றாம் காலை, திரும்புவது. இடது காலை அழுத்தினால் வலது பக்கம், வலது காலை அழுத்தினால் இடது பக்கம். இது உடம்புக்குப் புரிகிற ஒரு கணம் வரும். பயிற்சியாளர் கத்த வேண்டியதில்லை, பெற்றோரும் கத்த வேண்டாம். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருங்கள்.

அங்கே சுமார் 800 மீட்டர் நீளத்துக்கு, கம்பியில் தொங்கும் நாற்காலியில் உட்கார்ந்து மேலே போகிற சேர் லிஃப்ட் ஒன்று இருக்கிறது. பழகுகிறவர்களுக்கு அது அவசியமில்லை. சறுக்காமல் உட்கார்ந்திருக்கிற தாத்தா பாட்டிக்குத்தான் அது கொண்டாட்டம். காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள், காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மதியத்துக்கு மேல் சறுக்க வேண்டாம். வெயிலில் பனி இளகிக் கனக்கும், பிள்ளைகளும் களைத்திருப்பார்கள். அடிபடுவது பெரும்பாலும் "கடைசியாக ஒரே ஒரு தடவை" என்கிற நேரத்தில்தான்.

உடம்பு

2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், குளிரில் தாகமே தெரியாது. தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால் யோசிக்காமல் ஜோஷிமட்டுக்கு இறங்கிவிடுங்கள். ஆயிரம் அடி இறங்கினாலே பெரும்பாலும் தெளியும், அங்கே அரசு மருத்துவமனையும் உண்டு. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் கிளம்பும் முன் தங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வெயிலை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். அதனால் மோவாய்க்குக் கீழேயும் மூக்கின் அடியிலும் கூடச் சன்ஸ்கிரீன் தடவ வேண்டும். கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நின்றால் இரவில் கண்ணில் மணல் போட்டது போல் எரியும்.

பணம்

நாங்கள் ஐந்து பேர், சறுக்கியது நான்கு பேர். ஸ்கீ, பூட்ஸ், பயிற்சியாளர் எல்லாம் சேர்த்து நாங்கள் பேசி முடித்தது ஆளுக்கு ஒரு காலைக்கு 1,200 ரூபாய். மூன்று காலைக்கு 14,400. ரிஷிகேஷ் – ஜோஷிமட் கார் ஒரு வழிக்கு 7,500, போக வர 15,000. பாருங்கள், பனிச்சறுக்குச் செலவும் அந்த ஒரு கார் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான். சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் பயணம்தான், சறுக்குகிற நேரமல்ல. இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு பெரிய வண்டி எடுத்தால் அங்கேயே நல்ல தொகை மிஞ்சும். இருவர் மட்டும் போனால் ரிஷிகேஷிலிருந்து பஸ், ஷேர் ஜீப் உண்டு. ரொக்கமாகவும் கொஞ்சம் கையில் வையுங்கள். பனி நாளில் நெட்வொர்க் போனால் ஜிபே போகாது.

பனி இல்லாவிட்டால்

போய்ச் சேர்ந்தபின் சரிவு பச்சையாக இருக்கிறதா? திரும்பிவிடாதீர்கள். ஔலியின் மேலிருந்து மூன்று கிலோமீட்டர் நடந்தால் கோர்சன் புக்யால் என்கிற புல்வெளி. அந்த உயரத்தில், நிழல் விழும் பக்கத்தில் பெரும்பாலும் பனி மிச்சமிருக்கும். உள்ளூர் வழிகாட்டியோடு காலையில் போய் மதியத்துக்குள் திரும்பலாம். என் மகன் அங்கேதான் வாழ்க்கையின் முதல் பனிப்பொம்மையைச் செய்தான், கண்ணுக்கு மிளகு வைத்து.

கிளம்பும் நாள் காலையில் ஸ்கீ வாடகைக் கணக்கைத் தீர்க்க வேண்டியதை முந்தின மாலையே முடித்துவிடுங்கள். கடை ஒன்பது மணிக்கு முன் திறக்காது, நீங்களோ ஏழு மணிக்குள் இறங்கத் தொடங்க வேண்டும். ஈரக் காலுறைகளைத் தனிப் பையில் கட்டுங்கள். ஜீப்புக்குச் சக்கரத்தில் சங்கிலி மாட்டியிருக்கிறதா என்று ஏறும் முன் குனிந்து பாருங்கள். காலையில் அந்தச் சாலை கண்ணாடி மாதிரி இருக்கும்.